முதலில் புத்தகம், பிறகு ஸ்பனர்

வாசகர் கேள்வி – பதில்

உழவு மெசின், நீர்ப்பம்பி பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம். இந்த முறை வந்து குவிந்ததில் அநேகம் ஒரே விஷயம்தான்: பழைய மோட்டார்சைக்கிள் ஒன்றை எடுத்து, தன் விருப்பத்துக்கு மாற்றிக் கட்டி, பெட்டி பூட்டி, நாடு சுற்றப் போகவேணும். காரணம் விளங்குகிறது. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்டார்கள், அந்த இடைவெளியில் ஏறின விலை இறங்கவேயில்லை, புது வண்டியின் விலையைக் கேட்டால் வாங்குகிற ஆசை போய்க் கட்டுகிற ஆசை வருகிறது. சரி, கட்டுங்கள். ஆனால் வேலையின் ஒழுங்கு மாறக்கூடாது: முதலில் புத்தகம், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரம், பிறகுதான் ஸ்பனர்.

கேள்வி: அண்ணா, எங்கள் வளவில் மாமாவின் ஹொண்டா சி.டி. 200 ஒன்று கொட்டிலுக்குள் கிடக்கிறது. 2009க்குப் பிறகு ஓடவில்லை. எஞ்சின் இறுகவில்லை, கிக்கர் மிதிபடுகிறது. புத்தகம் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது, மாமாவும் இப்போது இல்லை. தூரப் பயணத்துக்கு ஏற்றமாதிரிக் கட்டித் தரலாம் என்று கராஜ்காரர் சொல்கிறார், முற்பணமும் கேட்கிறார். கொடுக்கட்டுமா?
– வாசகர், விசுவமடு

பதில்: கொடுக்க வேண்டாம் தம்பி, இப்போதைக்கு. ஒரு துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போங்கள். ஹாண்டில் திரும்புகிற தலைக்குழாயில் சேசி (ஃபிரேம்) இலக்கம் குத்தியிருக்கும், எஞ்சின் கேஸில் எஞ்சின் இலக்கம் இருக்கும். மெதுவாகத் தேய்த்து வாசியுங்கள். கிறைண்டர் பக்கமே போகவேண்டாம், துருவோடு சேர்ந்து இலக்கமும் போனால் கையில் மிஞ்சுவது கிலோ விலைக்குப் போகிற இரும்பு. இலக்கம் மங்கிக் கிடக்கிறது, நான் புதிதாகக் குத்தித் தாறன் என்று யாராவது சொன்னால் அந்தக் கராஜை விட்டே விலகுங்கள். அது களவு வண்டிக்குச் செய்கிற வேலை, பிடிபட்டால் குத்தினவரை விட வைத்திருந்தவர்தான் முதலில் பதில் சொல்லவேணும்.

இலக்கத் தகடு மிஞ்சியிருக்கிறதா? இருந்தால் அதிர்ஷ்டம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் பதிவு இலக்கத்தைப் போட்டால் எஞ்சின் இலக்கம், மொடல், தயாரித்த ஆண்டு, லீசிங் கம்பனிக்கு அதில் உரித்து இருக்கிறதா என்ற விவரங்கள் வரும். அவை உங்கள் வண்டியோடு ஒத்துப்போனால், தொலைந்தது புத்தகம் மட்டும்தான். பொலிஸில் முறைப்பாடு போட்டு, பதிவு உரிமையாளர் பக்கத்திலிருந்து விண்ணப்பித்துப் பிரதி எடுக்க வழி இருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால் அவசரப்பட்டு யாரையும் சந்தேகப்படவும் வேண்டாம். அந்த வருடங்களில் வன்னியில் ஓடின வண்டிகளில் ஒன்றின் எஞ்சின், இன்னொன்றின் சில்லு, மூன்றாவதின் பெற்றோல் ராங்கி என்று கலந்து பூட்டினவை எத்தனையோ, கிடைத்ததை வைத்து ஓடின காலம். எஞ்சின் வேறு என்றால் அதைப் பதிவில் மாற்றிக்கொள்ளலாம். சேசி வேறு என்றால் அது வேறு ஆளின் வண்டி. 2009இல் முள்ளிவாய்க்கால் பக்கம் விட்டுவிட்டு வந்த வண்டிகளின் சேசிகள் கை மாறிக் கை மாறி இன்னும் எங்கெங்கோ கிடக்கின்றன, அவற்றின் புத்தகம் உரிமைக்காரரின் ட்ரங்குப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கவும் கூடும்.

மாமா இல்லை என்று எழுதினீர்கள், காலமானாரா காணாமற்போனாரா என்று எழுதவில்லை. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் வழி வேறு. காலமானவர் என்றால் மரணச் சான்றிதழும் உரித்தாளிகளின் சத்தியக்கடதாசியும் கொண்டு பெயர் மாற்றத்துக்குப் போகவேணும், மாமியும் பிள்ளைகளும் இருக்கும்போது மருமகன் தன் பெயருக்கு நேராக எழுத முடியாது. காணாமற்போனவர் என்றால், 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குடும்பத்துக்கு ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்கள். அது அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்க இடம் தருகிறது. அதை எடுப்பதா இல்லையா என்பது குடும்பம் முடிவு செய்யவேண்டிய விஷயம், ஒரு மோட்டார்சைக்கிளுக்காக அவர்களை நெருக்க வேண்டாம். எடுத்திருந்தார்கள் என்றால் பெயர் மாற்றத்துக்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

இன்னொரு செலவையும் கணக்கில் வையுங்கள். வண்டி பாவனையில் இல்லை என்று பிரதேச செயலகத்துக்கு அந்த நேரமே அறிவிக்காவிட்டால், வண்டிக்கு வருடாவருடம் எடுக்கிற வருமான அனுமதிப்பத்திரத்தின் நிலுவையும் தண்டமும் கேட்பார்கள். கராஜ்காரர் சொன்ன தொகையில் இது சேர்ந்திருக்காது.

இதெல்லாம் சரிவந்தால் சி.டி. 200 கட்டுவதற்கு அருமையான வண்டிதான். 194 சிசி, இரட்டைச் சிலிண்டர், அதிர்வு குறைவு, செயின் முழுவதும் மூடியிருப்பதால் எங்கள் புழுதிக்கு அது பெரிய வரம். பிரேக் இரண்டும் ட்ரம், அதை மனதில் வைத்துத்தான் வேகம் போகவேணும். புத்தகத்தைப் பெரிதாகப் பேசுகிறேன் என்று நினைக்கிறவர்கள் 2022ஐ நினைத்துப் பாருங்கள்: எரிபொருள் கியூ.ஆர். அட்டைக்குச் சேசி இலக்கம் கேட்டார்கள், மோட்டார்சைக்கிளுக்கு முதலில் வாரத்துக்கு 4 லீற்றர், புத்தகம் இல்லாத வண்டிக்கு அதுவும் இல்லை. அழகாகக் கட்டி முடித்த வண்டிகள் அந்த மாதங்களில் சும்மா நின்றன.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிற என் மச்சான் ஃபிரேமை ஒரு இடத்திலும் எஞ்சினை ஒரு இடத்திலும் வாங்கி, வீட்டு கராஜிலேயே வண்டி கட்டி, தன் பெயருக்கே பதிந்து ஓட்டுகிறார். எனக்கு வெல்டிங் நன்றாக வரும். இங்கே நான் ஃபிரேமையே செய்து பதியலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: மச்சான் செய்தது உண்மை, ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு கடதாசிச் சங்கிலி இருக்கிறது. அங்கே ஃபிரேம் விற்கிற கம்பனி அதற்கு ஒரு தயாரிப்பாளர் மூலச் சான்று கொடுக்கும், எஞ்சினுக்கும் அப்படியே. மிச்சப் பாகங்களின் பற்றுச்சீட்டுகளையும் சேர்த்துக்கொண்டு மாநில வாகன அலுவலகத்துக்குப் போனால், அவர்கள் இலக்கங்களைக் களவுப் பட்டியலோடு ஒப்பிட்டு, வண்டியைப் பார்த்து, தேவையென்றால் மாநிலமே ஒரு புது அடையாள இலக்கம் ஒதுக்கி, உரிமைப் பத்திரம் கொடுக்கும். கம்பனி வண்டிகளுக்கு அங்கே 1981இலிருந்து 17 எழுத்தும் எண்ணும் கொண்ட இலக்கம். வீட்டில் கட்டின வண்டிக்கு அந்த இடத்தை நிரப்ப மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு விதி. ஒரு பற்றுச்சீட்டுத் தொலைந்தால் அவரும் அலையத்தான் வேணும், கேட்டுப் பாருங்கள்.

இங்கே முதற்பதிவு தொடங்குவது சுங்கப் பத்திரத்திலிருந்து, அல்லது அனுமதி பெற்ற உள்நாட்டுப் பொருத்தும் கம்பனியிலிருந்து. உங்கள் பட்டறை இரண்டும் இல்லை. ஆகவே பதிந்த வண்டி ஒன்றை வாங்கி அதன் சேசியை அப்படியே வைத்துக்கொண்டு மிச்சத்தில் உங்கள் கைவண்ணத்தைக் காட்டுங்கள். வெல்டிங் வரும் என்பதால் சொல்கிறேன்: கேற்று ஒட்டுவதும் ஃபிரேம் ஒட்டுவதும் ஒன்றில்லை, தலைக்குழாயும் பின்சில்லின் பூட்டும் ஒரே கோட்டில் நிற்கவேணும், சூட்டில் குழாய் இழுபடும், குழாய்களை அசையாமல் பிடித்து வைக்கிற ஜிக் இல்லாமல் கண்மட்டத்தில் ஒட்டினால் கையை விட்டதும் வண்டி ஒரு பக்கம் போகும். சேசியில் ஒட்டு வேலையே வேண்டாம், எல்லாம் நட்டு போல்ட்டில் பூட்டிக் கழற்றுகிற மாதிரிச் செய்யுங்கள். பெற்றோல் ராங்கியை ஒட்டக் கேட்டு யாரும் வந்தால், வெறும் ராங்கிதானே என்று கொளுத்திவிடாதீர்கள். பெற்றோல் நிறைந்த ராங்கியை விட ஆவி நிறைந்த வெறும் ராங்கிதான் வெடிக்கும்.

கேள்வி: பஜாஜ் சி.ரி. 100இல் பல்சர் 150 எஞ்சின் பூட்டலாமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக் சி.ரி. 100இன் பிரேக், சேசியும் அந்த எஞ்சினின் நிறைக்கும் இழுவைக்கும் செய்ததில்லை, நான் செய்யச் சொல்லமாட்டேன். அதையும் மீறிச் செய்தால் அந்த எஞ்சினை எங்கே வாங்கினீர்கள் என்பதற்கான பத்திரத்தோடு திணைக்களத்துக்கு விண்ணப்பித்து, வண்டியைப் பரிசோதகருக்குக் காட்டி, புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தையும் கொள்ளளவையும் மாற்றவேணும். நிறத்தை மாற்றினாலும் அப்படித்தான். பலர் கவனிக்காத இன்னொன்று: உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். ஏ1 வகுப்பு மட்டும் இருந்தால் அது 100 சிசி வரைக்கும்தான். சி.ரி. 100 அதற்குள் அடங்கும், பல்சர் எஞ்சின் பூட்டின அன்றே நீங்கள் லைசன்ஸ் இல்லாமல் ஓட்டுகிற ஆள். காப்புறுதிக்காரர் முதலில் பார்க்கிறதும் அதைத்தான்.

கேள்வி: அண்ணா, நானும் கணவரும் பல்சரில் கதிர்காமம் வரை போய்வர நினைக்கிறோம். பின்னால் பெரிய பெட்டி ஒன்று, இரண்டு பக்கமும் பெட்டி, சீற்றைக் கொஞ்சம் அகலமாக்கி, ஹாண்டிலை உயர்த்திக் கட்டித் தருவதாக ஒரு வெல்டிங் கடையில் சொல்கிறார்கள். நான் பின்னுக்கு இருக்கிற ஆள், எனக்குத்தான் பயம். எதைக் கவனிக்கவேணும்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, பின்னுக்கு இருக்கிறவர் கேட்கிற கேள்விதான் சரியான கேள்வி, ஓட்டுகிறவர்கள் பெட்டியின் அழகைத்தான் பார்ப்பார்கள்.

பாரம் எங்கே நிற்கிறது என்பதுதான் எல்லாம். பின்சில்லின் அச்சுக்குப் பின்னால் உயரத்தில் எவ்வளவு பாரம் ஏற்றுகிறீர்களோ அவ்வளவுக்கு முன்சில்லு இலேசாகும். 60ஐத் தாண்டும்போது ஹாண்டில் நடுங்கத் தொடங்கும், காற்றடிக்கிற பூநகரி வெளியில் அது இன்னும் மோசம். ஆகவே பின்பெட்டியில் மழைச்சட்டை, மாற்றுடுப்பு மாதிரி இலேசானவை மட்டும். கடையில் விற்கிற பின்பெட்டிகளின் தட்டில் எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும், மூன்று, ஐந்து கிலோ என்று பார்க்கும்போது சிரிப்பு வரும், ஆனால் அது உண்மையான கணக்கு. ஸ்பனர், ரியூப், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் பக்கப் பெட்டிகளுக்குள், அடியில், முடிந்தவரை உங்கள் காலுக்குக் கிட்ட வரவேணும். இரண்டு பக்கமும் நிறை ஒன்றாக இருக்கட்டும். பெட்டியின் அகலம் ஹாண்டிலை விட மிஞ்சக்கூடாது, முன்னுக்கு நுழைகிற இடத்தில் பின்னுக்கும் நுழையவேணும்.

பக்கச் சட்டத்தைச் செய்கிறவரிடம் இரண்டு பக்கத்தையும் பின்னால் ஒரு குறுக்குக் குழாயால் இணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குழிக்குள் விழுந்து எழும்பும்போது ஒவ்வொரு பக்கமும் தன் பாட்டுக்கு ஆடி, போல்ட் துளையில் வெடிப்பு வரும். நட்டுக்கு நைலோன் வளையம் உள்ளதைப் போடச் சொல்லுங்கள். சேலையோ சால்வையோ சில்லுக்குள் போகாமல் இடப்பக்கக் காவலைக் கழற்றாமல் வைக்கவேணும், சட்டம் பூட்ட இடைஞ்சல் என்று கழற்றி எறிவார்கள், விடாதீர்கள். சைலன்சருக்குக் கிட்ட வருகிற பெட்டியின் அடிக்கு ஒரு தகட்டு மறைப்பு.

ரயரின் பக்கத்தில் அளவுக்குப் பிறகு ஒரு எண் இருக்கும். 57 என்றால் அந்த ரயர் 230 கிலோ தாங்கும், 62 என்றால் 265. புதிதாகப் போடும்போது கம்பனி சொன்னதை விடக் குறைந்த எண் போடாதீர்கள். காற்று, இந்த வகை வண்டிக்குப் பின்னால் தனி ஆளுக்கு 28 இறாத்தல் (பி.எஸ்.ஐ.), இருவருக்கு 32 என்பது வழக்கமான அளவு, பாரத்தோடு போகும்போது காலையில் ரயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

பல்சக்கரம் மாற்றுகிறதென்றால் முன்னால் 14 பல் உள்ளதை 15 ஆக்கினால், பின்னால் 42 இருக்கும் வண்டியில் விகிதம் 3இலிருந்து 2.8க்கு இறங்கும். அதே வேகத்தில் எஞ்சின் சுமார் 7 வீதம் ஆறுதலாகச் சுற்றும், நீண்ட ஏ9 வீதி ஓட்டத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் இருவரும் மூன்று பெட்டியுமாக எல்ல, வெல்லவாயப் பக்க ஏற்றங்களில் ஏறும்போது அதே பல் உங்களுக்கு எதிரி. உங்கள் பயணத்துக்கு இருக்கிற பல்லே இருக்கட்டும். ஹாண்டிலை உயர்த்தினால் கிளச் கேபிள், பிரேக் குழாய் எல்லாம் நீளம் போதாமல் இழுபடும். இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, எதுவும் இறுகவில்லை, எஞ்சின் சத்தம் ஏறவில்லை என்று கண்ட பிறகுதான் காசைக் கொடுங்கள்.

முதல் ஓட்டமாக முறிகண்டி வரை பெட்டிகளை நிரப்பிக்கொண்டு போங்கள். பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு, அங்கேயே எல்லா நட்டையும் கையால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். தளருகிறது அந்தத் தூரத்துக்குள்ளேயே தளர்ந்திருக்கும்.

கேள்வி: பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் இரவில் மாடுகள் தாரில் படுத்துக் கிடக்கின்றன. பழைய சி.டி. 125இல் எல்.ஈ.டி. லைற் இரண்டு கூடுதலாகப் பூட்டினால் வயறிங் தாங்குமா?
– வாசகர், தருமபுரம்

பதில்: முதலில் பற்றரியைப் பாருங்கள், 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று. பழைய சி.டி. வண்டிகளில் 6 வோல்ட் உள்ளவை இருக்கின்றன, அதில் கடையில் வாங்குகிற 12 வோல்ட் லைற் சரியாக எரியாது. 12 என்றால் கணக்கு சுலபம்: 20 வாற் லைற் இரண்டு 40 வாற், 12ஆல் பிரித்தால் 3.3 அம்பியர், 5 அம்பியர் பியூஸ் ஒன்றைப் பற்றரிக்குக் கிட்டவே வைத்து, ரிலே போட்டு, சுவிற்சுக்கு ரிலேயின் மெல்லிய வயரை மட்டும் கொண்டுபோங்கள். ஹெட்லைற் வயரில் ஒட்டி எடுத்தால் பழைய வயர் உருகும். பற்றரி நிறைகிறதா என்று எஞ்சின் ஓடும்போது மீற்றர் வைத்துப் பாருங்கள், 13.5க்கு மேல் நின்றால் சரி. கலர் லைற், மின்னுகிற லைற் பொலிஸ் கழற்ற வைப்பார்கள், கழற்றத்தான் வேணும்.

ஆனால் லைற் மாட்டைக் காட்டுமே தவிர வண்டியை நிறுத்தாது. 60இல் போனால் ஒரு செக்கனுக்கு 16 மீற்றருக்கு மேல். கண்டு, விளங்கி, பிரேக் பிடித்து நிற்க நல்ல தாரிலேயே 50 மீற்றர் அளவு வேணும், சாதாரண டிம் லைற் வடிவாகக் காட்டுகிறதும் ஏறக்குறைய அவ்வளவுதான். கறுத்த மாடு என்றால் அதுவும் இல்லை. இரவில் 45, 50.

கேள்வி: வண்டிக்கு முழுக் காப்புறுதி போட்டிருக்கிறேன். போட்ட பிறகு பெட்டி, சட்டம், நல்ல சொக் அப்சோபர், லைற் என்று நிறையச் செலவழித்தேன். முழு இன்சூரன்ஸ்தானே, எல்லாம் அதற்குள் வரும் என்று முகவர் வாயால் சொன்னார். வருமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: வாயால் சொன்னது வராது. எழுத்தில் இருக்கிறது வரும்.

மூன்றாம் நபர் காப்புறுதி சட்டப்படி எல்லோருக்கும் கட்டாயம், அது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்க முடியாது. ஆனால் அது நீங்கள் மோதின ஆளுக்கும் அவருடைய பொருளுக்கும்தான், உங்கள் வண்டிக்கு ஒரு சதமும் இல்லை. முழுக் காப்புறுதி உங்கள் வண்டியையும் சேர்க்கும், எந்த வண்டியை என்றால் முன்மொழிவுப் படிவத்தில் நீங்கள் விவரித்த வண்டியை. அன்றைக்கு அது கம்பனியிலிருந்து வந்தமாதிரி இருந்தது. இன்றைக்கு வேறு வண்டி. காப்புறுதியில் இரண்டு பக்கமும் முழு உண்மை சொல்லவேணும் என்பது அடிப்படை விதி, ஆபத்தையோ பெறுமதியையோ மாற்றுகிற எதையும் சொல்லாமல் விட்டால் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைக்கும். எஞ்சினை மாற்றி மறைத்தால் அது பெரிய காரணம், பெட்டி பூட்டினது சின்னக் காரணம், ஆனால் சேதமான பெட்டிக்குக் காசு வராது.

ஆகவே பூட்டின ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு, நாலு பக்கமும் எடுத்த படம், சேசி இலக்கம் தெரிகிற ஒரு படம், இவற்றோடு கிளைக்குப் போய்க் கடிதம் கொடுத்து, மேலதிகப் பாகங்களைத் தனியாகக் குறித்து, காப்புறுதித் தொகையை உயர்த்தி, மாற்றத்தைப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். கொஞ்சம் கூடுதல் கட்டணம் வரும். அதை மிச்சம் பிடிக்கிறவர்கள் செய்கிற கணக்கு இது: வண்டியின் பெறுமதி எட்டு இலட்சம், போட்டது நாலு இலட்சத்துக்கு. ஒரு இலட்சம் சேதம் வந்தால், பொலிசியில் விகிதாசார வாசகம் (குறைத்துப் போட்டால் அதே விகிதத்தில்தான் இழப்பீடு என்பது) இருந்தால் பாதிதான் கிடைக்கும், அதிலும் நீங்கள் ஏற்கவேண்டிய பங்குத் தொகையும் தேய்மானமும் கழியும். பிளாஸ்ரிக், ரயர், பற்றரிக்குத் தேய்மானம் எத்தனை வீதம் என்று முதலே கேளுங்கள்.

அமெரிக்காவில் கட்டின வண்டிகளுக்கு ஒப்புக்கொண்ட பெறுமதி என்று ஒரு முறை இருக்கிறது, மதிப்பீட்டாளர் பார்த்து ஒரு தொகையை இருவரும் முதலே ஒத்துக்கொள்வார்கள், முழுதாக அழிந்தால் அந்தத் தொகை. இங்கே வழமை சந்தைப் பெறுமதி, அதுவும் விபத்து நடந்த நாளின் சந்தைப் பெறுமதி. உங்கள் வெல்டிங்கின் அழகுக்குச் சந்தையில் விலை இல்லை, கசப்பாக இருந்தாலும் அதுதான் நிலை.

வன்னிக்கென்று இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று வெள்ளம்: 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரு இரவில் தண்ணீர் வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள், இயற்கை அனர்த்தம் உங்கள் பொலிசியில் சேர்ந்திருக்கிறதா, தனியாகச் சேர்க்கவேணுமா என்று பாருங்கள். கலவரம், பயங்கரவாதச் சேதமும் அப்படித் தனியாகச் சேர்க்கிற ஒன்றுதான். இரண்டு, மாடு அல்லது யானை: விபத்து நடந்தால் வண்டியை எழுப்பிக் கராஜுக்குக் கொண்டுபோகாமல் அந்த இடத்திலிருந்தே காப்புறுதிக்காரருக்கு அழைப்பெடுங்கள், மாடு எழும்பிப் போய்விடும், பிறகு எதில் மோதினீர்கள் என்று காட்ட ஒன்றும் இருக்காது. சிக்னல் இல்லாத இடமென்றால் படம் எடுத்துவிட்டுச் சிக்னல் உள்ள இடத்துக்கு வாருங்கள். வண்டியைச் சுற்றுலாக்காரருக்கு வாடகைக்குக் கொடுக்கிற யோசனை இருந்தால் தனிப்பட்ட பாவனைப் பொலிசி அதற்குச் செல்லாது. மறுத்த இழப்பீட்டில் நியாயம் உங்கள் பக்கம் என்றால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி இருக்கிறார், அங்கேயும் அவர் கேட்கப்போவது எழுத்தைத்தான்.

கேள்வி: ஓப்பன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்து மட்டும் வைத்த படிவத்தோடு, வாங்கின வண்டி. நாலு கை மாறி என்னிடம் வந்தது. கட்டி முடித்துவிட்டேன். பிரச்சினை வருமா?
– வாசகர், மன்னார்

பதில்: வந்துவிட்டது, நீங்கள் இன்னும் காணவில்லை. புத்தகத்தில் இருக்கிற பெயர் நாலு கைக்கு முந்தின ஆளுடையது, சட்டத்தின் கண்ணில் வண்டி அவருடையது. அவர் வெளிநாடு போகலாம், காலமாகலாம், கையெழுத்து என்னுடையதில்லை என்று சொல்லலாம். கை மாறினதை 14 நாளுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்கவேணும் என்பது விதி. விற்றவர் எம்.ரி.ஏ. 8 படிவம், வாங்கினவர் எம்.ரி.ஏ. 6 படிவம். காப்புறுதியும் அவருடைய பெயரில் ஓடுகிறதென்றால் இழப்பீட்டுக் காசோலையும் அவருடைய பெயருக்குத்தான் வரும், உங்கள் பெயரில் போட்டால் உங்களுக்கு அந்த வண்டியில் என்ன உரித்து என்று கேட்பார்கள். புத்தகத்தில் உள்ள முகவரியைப் பிடித்து அவரை இந்த வாரமே தேடுங்கள். கண்டுபிடித்தால் ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுத்தாவது கையெழுத்தை உங்கள் முன்னால் புதிதாக வாங்குங்கள்.

கேள்வி: தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது துளிப் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடினோம். ஹொண்டா எம்.டி. 90 மோட்டார்சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது பயணச் செலவைக் குறைக்க அதையே செய்தால் என்ன?
– வாசகர், மல்லாவி

பதில்: ஐயா, ஒன்றும் ஆகவில்லை என்பது ஞாபகம் செய்கிற உபகாரம். புகையையும் பிளக் கழற்றிக் கழற்றித் துடைத்ததையும் மறந்துவிட்டீர்கள். மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலில் கலக்கும், ஒயில் தண்ணீராகும், பிஸ்ரன் தலையில் கரி கட்டும், பாரத்தில் எஞ்சின் தட்டும். எம்.டி. 90 ஜப்பானில் தபால்காரருக்காகச் செய்த வண்டி, கடிதக் கட்டோடு வீட்டுக்கு வீடு நின்று நின்று போகச் செய்தது, பொறுமை கூட. இப்போதைய எஞ்சின்களிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. அதோடு புகைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் இல்லையே.

கேள்வி: ஒட்டுசுட்டானில் பிறந்து டொரொண்டோவில் இருக்கிறேன். இங்கே நானே மாற்றிக் கட்டின பயண மோட்டார்சைக்கிளைக் கப்பலில் கொண்டுவந்து வன்னி முழுக்க ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோக ஆசை. முடியுமா?
– வாசகர், கனடா

பதில்: முடியும், கார்னே என்கிற தற்காலிக இறக்குமதிப் பத்திரத்தோடு. பிணைப்பணம் கட்டி உங்கள் பக்கத்திலேயே எடுக்கவேணும். அதில் எழுதுகிற சேசி, எஞ்சின் இலக்கமும் வண்டியில் உள்ளதும் கனடாப் பதிவில் உள்ளதும் ஒரு எழுத்துக்கூட மாறக்கூடாது, கட்டின வண்டிகள் சுங்கத்தில் மாட்டுவது அங்கேதான். பெட்டிகள், மேலதிக லைற் எல்லாவற்றையும் பட்டியலில் போடுங்கள். கெடுவுக்குள் திரும்பிக் கொண்டுபோகவேணும், இல்லாவிட்டால் முழுத் தீர்வையும் உங்கள் தலையில் விழும், ஆகவே இங்கே விட்டுவிட்டு வரலாம், தம்பிக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். கனடாக் காப்புறுதி இங்கே செல்லாது, வந்ததும் உள்ளூர் மூன்றாம் நபர் காப்புறுதி எடுக்கவேணும். சர்வதேச சாரதி அனுமதியை இங்கே காட்டி உள்ளூர் ஒப்புதல் வாங்கவேணும்.

அதிவேகப் பாதைகளில் மோட்டார்சைக்கிளுக்கு இடமில்லை. துறைமுகத்திலிருந்து நீர்கொழும்பு, புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி என்று வந்து ஏ9இல் ஏறுங்கள், மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான் வீதி. இங்கே இடப்பக்கம் ஓடவேணும், பஸ் வந்தால் இன்னும் இடப்பக்கம்.